அப்பாவின் காலில் என் விரல்

குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு அப்பாவின் முழங்காலுக்குக் கீழே அக்குபிரஷர் பட்டை கட்டியிருந்தார்கள். மெல்பர்னில் என்னிடமிருந்த அதன் இணைப் பட்டையை நான் அமுக்கினால், மதுரையில் அவர் காலில் என் விரல் அழுந்தும். குடல் மறுபடி அசைய, தினமும் நான்கு மணி நேரம் அமுக்க வேண்டும். முதல் நாள் பத்து நிமிடம் அமுக்கியதைப் பதிவு செய்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

நான்காம் நாள் அப்பா வீடியோவில் அழைத்தார்.

"காத்து பிரிஞ்சிருச்சுய்யா! டாக்டரு கஞ்சி குடிக்கச் சொல்லிட்டாரு. எல்லாம் உன் கைதான்."

நான் சிரித்து வைத்தேன்.

"நடுவுல நடுவுல உன் விரல் நடுங்குச்சு. அழுகுறியோன்னு நானும் காலை அசைக்காமப் படுத்திருந்தேன்."

அது பதிவின்போது நான் போட்ட தும்மல்.

என் கேமராவை மட்டும் அணைத்துவிட்டு, "ஆமாப்பா" என்றேன்.