நானூற்றைம்பது சுற்று

"பாக், இப்ப என்ன ஸ்பீடுல சுத்துது?"

லேத்தின் மேல் குனிந்திருந்த பட்டறைக்காரர் தர்யோனோ நிமிரவில்லை. மரியாதையாக 'பாக்', ஐயா, என்று கூப்பிட்டுக்கொண்டே வந்ததிலிருந்து இந்த ஆள் கேட்கிற ஐந்தாவது கேள்வி இது.

காலையில் பைக்கில் வந்திருந்தான். ரப்பர் செருப்பு, சாயம் போன சட்டை. மெஷின் தண்டில் மாட்டும் குழாய் மாதிரிச் சாமானுக்காக அலுமினியத் தடி ஒன்றை நீட்டி, "ஒரே ஒரு புஷ் கடைஞ்சு குடுங்க. கூடவே இருந்து வாங்கிட்டுப் போயிடறேன்" என்றவன், ஸ்டூலை இழுத்து மெஷினுக்கு அருகிலேயே போட்டுக்கொண்டான். மடியில் ஒரு நோட்டு.

டெகால் ஊரில் சந்துக்குச் சந்து லேத் பட்டறைதான். வேலை முடிகிற வரை மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வாடிக்கையாளர் எவனும் கிடையாது. போன வருடம் ஒருவன் உட்கார்ந்தான். பித்தளை வேலையின் நுணுக்கத்தைக் கேள்வி கேட்டே குடைந்து எடுத்துக்கொண்டு போனான். மறுவாரமே அந்த ஆர்டர் பின்சந்து கர்சிம் பட்டறைக்குப் போய்விட்டது. இப்போது தர்யோனோவிடம் மிச்சம் இருப்பது அலுமினியம் ஒன்றுதான். இதுவும் போனால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான்.

"ஒரு நிமிஷம் பாக். டூலைத் தீட்டிட்டு வந்துடறேன்."

மெஷினை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனார். அங்கே மனைவி ருமினா முடிந்த சாமான்களுக்குப் பிசிறு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ், அவன் எழுதறான். பாத்தீங்களா?" கணவனை அவள் 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவாள்.

"பாத்தேன். கர்சிம் அனுப்பின ஆளேதான்."

"வெளிய போன்னு சொல்லட்டா?"

"சொன்னா விஷயம் இருக்குன்னு அவனுக்கே தெரிஞ்சுடும்."

"அப்ப சொல்லிக் குடுத்துடுங்க. பித்தளையைக் குடுத்தாச்சு, அலுமினியத்தையும் குடுங்க. அப்படியே லேத்தையும் தள்ளுவண்டியில ஏத்தி அனுப்பிடுங்க. நான் தெருமுனையில சோயா தாஹு பொரிச்சு வித்து உங்களுக்குச் சோறு போடறேன்."

தர்யோனோ வியர்வையைத் துடைத்தார். "சொல்லத்தான் போறேன். ஆனா நிஜத்தையா சொல்லுவேன்?"

தடியின் விட்டம் ஐம்பது மில்லிமீட்டர். அதற்கு நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்று. ஃபீட், அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகர வேண்டியது, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைப் பிடிக்க அவருக்கு இரண்டு வருடமும் சாக்குச் சாக்காக வீணாய்ப்போன அலுமினியமும் ஆயின. வேகம் குறைந்தால் உலோகம் டூலின் மூக்கில் ஒட்டிக்கொண்டு, கடைகிற சாமானின் மேனியைக் கிழித்துவிடும். ஃபீட் அதிகமானால் உழுத வயல் மாதிரி பள்ளம் விழும். மெஷினில் இருந்த எண் பலகை தேய்ந்து மழுங்கிவிட்டது. எந்த லீவர் எங்கே நின்றால் என்ன வேகம் என்பது அவர் கைக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பி வந்து லீவரைத் தட்டினார். லேத் சீறிக்கொண்டு சுற்றியது.

"ஸ்பீடு கேட்டீங்கல்ல? நானூத்தம்பது."

குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. வந்தவன் தலையைச் சாய்த்தான்.

"நானூத்தம்பதா? ரொம்ப வேகமாச் சுத்தற மாதிரி இருக்கே பாக்?"

தர்யோனோ மெஷினை ஒரு தட்டுத் தட்டினார். "பழைய மெஷின். சத்தம்தான் பெரிசு."

"எம் மாமியார் மாதிரி" என்று வந்தவன் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டான். "ஃபீட்?"

தர்யோனோ வாயைத் திறந்தார். அதற்குள் ருமினா கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"அரை மில்லிமீட்டர். தினம் பாக்கற எனக்குத் தெரியாதா?"

"நிச்சயமா?"

"பொய் சொல்லி எங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

"மேல ஊத்தறது?"

"மண்ணெண்ணெய்" என்றார் தர்யோனோ. மூக்கு இருக்கிற எவனிடமும் அதை மட்டும் மறைக்க முடியாது.

அவன் எல்லாவற்றையும் ஒருமுறை உரக்கப் படித்துக்காட்டினான். இருவரும் தலையாட்டினார்கள். கர்சிம் இந்தக் கணக்கில் கடைந்தால் சாமானுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்தபோது தர்யோனோவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

புஷ் முடிந்தது. துணியால் துடைத்துக் கொடுத்தார். வந்தவன் அதில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நேத்து கர்சிம் பட்டறைக்குப் போயிருந்தேன்" என்றான்.

ருமினாவின் விரல்கள் கணவனின் முழங்கையைப் பற்றின.

"அந்த ஆள் வாயே திறக்கல. எது கேட்டாலும் தொழில் ரகசியமாம். அதோட நாலு பட்டறை ஆச்சு. ஒளிக்காம சொன்னது நீங்க ரெண்டு பேர்தான்." பையிலிருந்து அச்சடித்த படிவம் ஒன்றை எடுத்தான். "நான் செமாராங்ல ஒரு பம்ப் கம்பெனிக்குச் சரக்கு பிடிக்கறவன். லேத் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது பாக். வாடிக்கையாளர் மாதிரி வந்து உக்காருவேன், சொல்றதை எழுதிக்குவேன். எட்டாயிரம் புஷ். ஆர்டர் உங்களுக்குத்தான்."

"எட்டாயிரமா!" ருமினா வாயைப் பொத்திக்கொண்டாள். தர்யோனோ மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு விஷயம். எங்க கம்பெனி வழக்கம்." நோட்டில் இருந்ததைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினான். "மாதிரி எப்படிச் செஞ்சீங்களோ கடைசி பீஸ் வரைக்கும் அப்படியேதான். இம்மி மாத்தினாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துடும். திங்கக்கிழமையிலேருந்து எங்க ஆள் ஒருத்தர் சுத்தை எண்ணற மீட்டரோட இந்த ஸ்டூல்லயே உக்காந்திருப்பாரு."

பளபளத்த புஷ்ஷைக் கவரில் போட்டு ஒட்டிவிட்டு, படிவத்தின் நகலை தர்யோனோவின் கையில் வைத்தான்.

"நானூத்தம்பது சுத்து, அரை மில்லி ஃபீட். எட்டாயிரமும் இதே மாதிரி கண்ணாடியா வரணும் பாக்."