பச்சைச் சுருள்

ஜீப் ஆரன் கேட்டுத்தான் விழித்தேன். வெயில் கட்டில்வரை வந்திருந்தது.

கொல்லையில் என் மனைவி சந்திரவல்லி தர்பூசணிக் கொடி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

முடிந்தது என்று நினைத்தேன்.

சின்ன ரகம். தேங்காய் அளவுதான் வரும். ஏப்ரலில் ஏலத்தோட்டத்துச் சரிவில் விழுந்து, மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டோடு அவள் போடிக்கு இறங்கி வந்தாள். சும்மா இருக்க முடியாமல் இடது கையால் ஊன்றிய விதை இது. முளைத்த அன்றே சொல்லிவிட்டாள், இதில் ஒரு பழம் தின்றுவிட்டு மலையேறிவிடுவேன் என்று.

அவள் சொன்னால் சொன்னதுதான். மூன்று வருடத்துக்கு முன்பும் சொல்லிவிட்டுத்தான் போனாள். மில்லில் எனக்கு எப்போதும் ராத்திரி ஷிப்ட். நான் வீட்டுக்கு வரும்போது அவள் தோட்டத்து ஜீப்பில் ஏறியிருப்பாள். ஆளில்லாத வீட்டுக்கு எதற்குத் தினமும் மலையிறங்க வேண்டும் என்று கேட்டாள். தம்பியோடு எஸ்டேட் லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

அடுத்த மாதமே மில்லை விட்டேன். அதைப் போய்ச் சொல்லக் கூச்சம். இப்போது ஏலக்காய்க் கடையில் பகல் வேலை. தூக்கம் மட்டும் மில் நேரத்தை விடவில்லை. விடிகிற நேரத்தில்தான் கண் சொருகும்.

காயின் காம்புக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போல ஒரு சுருள் இருக்கும். அது காய்ந்தால் பழம் தயார். விதைக்கடைக்காரர் எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னது. தினமும் காலையில் பல் துலக்கியபடியே அவள் அதைத்தான் பார்ப்பாள்.

சுருள் காய்ந்து ஆறு நாளாகிறது.

அன்று அவள் எழுவதற்குள் அதைக் கிள்ளி எறிந்துவிட்டு, கொடி நுனியிலிருந்து ஒரு பச்சைச் சுருளைப் பறித்து அதே இடத்தில் நூலால் கட்டினேன். வெயில் ஏறினால் வாடிவிடும். மறுநாள் விடியலில் வேறொன்று. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. இது வந்தது.

இன்று தூங்கிவிட்டேன்.

அவள் தம்பி சுடலை கொல்லைக்கே வந்து நின்றான். மலையில் காய் எடுப்பு தொடங்கிவிட்டது, ஆள் போதவில்லை. அவள் கட்டுப் பிரித்தும் பத்து நாளாகிறது.

"என்ன மாமா, இன்னும் நைட் ஷிப்ட்டுதானா?" என்றான் என்னைப் பார்த்து.

சந்திரவல்லி காயைப் புரட்டினாள். அடிப்பக்கம் நல்ல மஞ்சள். விரலால் சுண்டிப் பார்த்தாள். பச்சைத் தோலுக்குள் ஏலவிதை கறுத்துவிட்டதா என்பதைத் தொட்டே சொல்கிற விரல் அது.

"இன்னும் பழுக்கலடா. வண்டில ஆளு காத்துக் கெடக்கு, நீ வெரசா போ."

"ஒரு காய்க்காக ஜீப்பத் திருப்பி அனுப்புறியாக்கா? நல்லாருக்கு ஒன் சோலி."

"வெத போட்டவளுக்குத் தெரியாதா? போடா."

ஜீப் போய்விட்டது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போனாள்.

நான் குனிந்து இலையை விலக்கினேன்.

காம்பருகே பச்சைச் சுருள். கிள்ளிய இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

நான் போடுவது மில் முடிச்சு. அறுந்த நூலைப் பிணைக்கிற மாதிரி இறுக்கிவிடுவேன். இது வாழைநார். தண்டு நெரியாமல் கொஞ்சம் இடம் விட்டு, ஏலச்செடிக்குப் போடுகிற முடிச்சு.

நேற்று நான் கட்டிய நூலை அவள் அறுக்கவில்லை. பிரித்து, வேலிக்குச்சியில் சுற்றி வைத்திருந்தாள்.