ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

"புதுப் போன் பெட்டியில சார்ஜர் இல்லன்னா, அதுக்குப் பசிச்சா யாருகிட்டப்பா கேக்கும்?" என்று முன்பொரு நாள் மகள் கேட்டதைப் பக்கத்திலிருக்கும் மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிக்கிறார் கண்ணாடிக்காரர். ஆஸ்பத்திரிக் கூடத்தின் ஒரே பிளக் பாயிண்டில் தன் போனைச் செருகிக்கொண்டு, இன்று சந்தைக்கு வந்த புது டேப்லெட் கணினியைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். "சார்ஜர் கிடையாது, பேனா தனிக்காசு, இயர்போன் குத்த ஓட்டை கூட இல்ல. இதுக்கு ரொட்டி தேய்க்கிற பலகையே தேவல, மாப்ள!" "மெமரி கார்டாவது போடலாமா மச்சான்?" "உன் மூஞ்சிக்கு அது வேறயா?" வெளிறிய டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டு முகங்களிலும் ஒரே இளக்காரம்.

எதிரே ஒரு பெண் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். உள்ளே அவள் கணவருக்கு ஆபரேஷன். முடிந்ததும் போனில்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து நாற்காலியில் கிடக்கும் அந்தப் போனில் சார்ஜ் சிவப்புக்கு இறங்கியிருக்கிறது. நேற்று கண்ணாடிக்காரரின் போன் அணையப்போன நேரத்தில், தன்னுடையதைக் கழற்றிவிட்டு இடம் கொடுத்தவள் அவள். உள்ளே படுத்திருக்கும் அவருடைய அம்மா கண் விழித்த செய்தி அப்படித்தான் வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளை டீ வாங்கப் போகிறார். கண்ணாடிக்காரரின் பார்வை அந்தச் சிவப்பில் போய் நிற்கிறது. தன் போனைக் கழற்றுகிறார். வயரை இழுத்து அவள் போனில் மெல்லச் செருகுகிறார். அவள் தூக்கம் கலையவில்லை. பச்சைக் கோடு ஏறத் தொடங்கியதும், ஒன்றுமே நடக்காததுபோல் சுவரைப் பார்த்து உட்காருகிறார்.