வட்டத்துக்குள் மஞ்சப்பை

தொற்று உச்சத்தில் இருந்த சமயம். தடுப்பூசி முகாம் வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு பொருளை வட்டத்தில் வைத்து இடம் பிடித்துவிட்டு, மனிதர்கள் புங்கமர நிழலுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு வட்டத்தில் கிடந்த ரப்பர் செருப்பு, முன்வட்டத்தில், வயிற்றில் ஆதார் அட்டையோடு உட்கார்ந்திருந்த மஞ்சப்பையைக் கூப்பிட்டது.

"அண்ணே, எங்க பேச்சியம்மா இருமிக்கிட்டே போனாங்க. திரும்பி வருவாங்களா?"

"இந்த வெயில்ல, தார் ரோட்டுல, உன்னை விட்டுட்டு எங்கடா போவாங்க?" என்று பை சிரித்தது.

அது சொன்னபடியே, வரிசை நகர்ந்ததும் பேச்சியம்மா கால் சுட, தத்தித் தத்தி ஓடிவந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பையைத் தேடி மட்டும் யாரும் வரவில்லை. மர நிழலில் மயங்கி விழுந்த அதன் சொந்தக்காரரை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

"பாவம், வந்தா இடம் வேணுமில்ல" என்று பேச்சியம்மா, கையால் தொடப் பயந்து, செருப்புக் காலாலேயே பையை அடுத்த வட்டத்துக்கு நகர்த்தினாள்.

பையை உரசியபடி செருப்பு சொன்னது:

"கவலைப்படாதீங்கண்ணே. ஆதார் அட்டை இல்லாம எமன்கூட உள்ள விடமாட்டான்."