திருஷ்டிப் பூசணி

அவள் சுரத்தில்லாமல் பேச வேண்டும். அதுதான் இன்றைக்கு அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை.

மேசைக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து. கோயம்புத்தூர் கிரைண்டர் கம்பெனி முதலாளி. செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தவர். வந்ததும் அவளைப் பார்த்து, "கண்ணு, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றவர்.

கொண்டுவந்தாள். வேறென்ன செய்ய.

இந்தப் பக்கம் வின்சென்ட் சார். விளம்பர ஏஜென்சியில் அவளுக்கு வேலை சொல்பவர். நடந்தால் டக் டக்கென்று கேட்கும் ஷூ.

யார் விளம்பரம் கேட்டு வந்தாலும் ஏஜென்சி இரண்டு மூன்று ஐடியா காட்டும். ஒன்றுதான் நிஜம். மற்றவை வேண்டாம் என்று தள்ளப்படுவதற்கென்றே செய்தவை. ஆபீஸில் அவற்றுக்குப் பூசணிக்காய் என்று பெயர். திருஷ்டி சுற்றி நடுரோட்டில் உடைப்பார்களே, அது.

பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் எழுதியதெல்லாம் பூசணிக்காய்.

இதையும் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாள். சத்தமே போடாத புது கிரைண்டர். மேல்வீட்டில் மாவாட்டும் இரைச்சல் பொறுக்காமல் ஞாயிறுதோறும் சண்டைக்கு வரும் கீழ்வீட்டுக்காரர். புது கிரைண்டர் ஓடுகிற ஞாயிற்றுக்கிழமையும் அவர் மாடியேறி வந்து கதவைத் தட்டுகிறார்.

வின்சென்ட் சார் படித்தார். சிரித்தார்.

"நல்லா இருக்கும்மா. கொஞ்சம் கெடுத்துடு."

கெடுத்தாள். கடைசி வசனத்தை வெட்டினாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து ஒட்டினாள். எல்லாம் தன் கையாலேயே. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வாரத்தோடு பயிற்சி முடிகிறது. வேலை உண்டா இல்லையா என்பது வின்சென்ட் சார் வாயில் இருக்கிறது.

ஆகவே சுரத்தில்லாமல் பேசினாள். தரையைப் பார்த்துப் பேசினாள். உட்கார்ந்தாள்.

வின்சென்ட் சார் எழுந்து தன்னுடையதைத் திரையில் போட்டார். வெள்ளை உடுப்பில் ஒரு கூட்டுக் குடும்பம். இட்லியைப் பார்த்துச் சிரித்தார்கள். கிரைண்டரைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னதான் கண்டார்களோ, சுவரைப் பார்த்தும் சிரித்தார்கள்.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை.

"ஏனுங்க, அந்தக் கீழ்வீட்டுக்காரரு வந்து கதவத் தட்டுனாருல்ல. அப்புறம் என்னங்க ஆச்சு?"

"அதாங்க அதுல சிக்கல்," என்றபடி உட்கார்ந்தார் வின்சென்ட் சார். "அதுக்கு முடிவே வரல. நீயே சொல்லும்மா."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தலையாட்டினால்கூடப் போதும். வேலை கிடைத்துவிடும்.

அடுத்த பூசணிக்காயும் கிடைக்கும்.

எழுந்தாள்.

"முடிவு இருக்குங்க."

குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வின்சென்ட் சார் ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் ரிமோட்டைக் கேட்கவே இல்லை. கதவைத் திறந்து வெளியே போனாள். சாத்தினாள்.

வராந்தாவில் அந்தச் செருப்பு ஜோடி. ஏசி இல்லாத வெக்கை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

சண்டைக்கு வந்தவரைப் போல முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். அதற்கு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

தட்டினாள்.

உள்ளே பேச்சு நின்றது. ஒரு நாற்காலி நகர்ந்தது. ஷூ சத்தம் கேட்கவில்லை.

கதவு திறந்தது. வெறுங்காலோடு நாச்சிமுத்து.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா சத்தமே காணோமே!" என்று அதட்டினாள்.

அதற்குப் பிறகு வெட்டிப்போட்ட வசனம். அதைச் சொல்லும்போது குரல் தானாக இறங்கியது.

"வீட்ல எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க?"

அவருக்குப் பின்னால், வின்சென்ட் சார் பாதி எழுந்தபடி நின்றிருந்தார்.

நாச்சிமுத்து அவளையே பார்த்தார். பிறகு ஓரமாக நகர்ந்து வழிவிட்டார்.

"உள்ள வாங்க சார்."