வீட்டுக்கு ஒரு குழி

"அவங்க வீட்ல மூணு குழி, எங்க வீட்ல ஒண்ணுகூட இல்லைன்னா என்ன சார் நியாயம்?"

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வந்து நின்று கேட்டார் தையல்காரர். மண் பரிசோதனை அதிகாரி, வரிசைப்படி வருவதாகவும் எந்த வீட்டையும் விடப்போவதில்லை என்றும் சமாதானம் சொன்னார். தையல்காரரின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற மனு அக்காவின் முகம் சுருங்கியது.

மனு அக்கா அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். எதற்கெடுத்தாலும் மனு எழுதுவதால் வந்த பெயர். தெருக்கோடியில், மதில் சுவருக்கு அப்பால் ஒரு பெரிய காலி மனை. அங்கே ஒரு காலத்தில் பேட்டரித் தொழிற்சாலை இருந்ததாம்; மண்ணெல்லாம் விஷமாம். அவ்வளவு இடம் சும்மா கிடக்க, பிள்ளைகள் தெருவில்தான் பந்து விளையாடினார்கள். தையல்காரர் மகளின் காலில் வேன் ஏறி இறங்கிய அன்று அக்கா பேனாவை எடுத்தார். தொழிற்சாலை இருந்த நிலத்தைச் சோதித்து, சுத்தம் செய்து, விளையாட்டுத் திடல் அமைத்துத் தரும்படி நான்கு வருடத்தில் பதினேழு மனுக்கள் போட்டார்.

"நீ எழுதின மனுவை அடுக்கினாலே திடலுக்குச் சுத்துச் சுவர் கட்டிடலாம்" என்று கணவர் கேலி செய்தார். அடி மேல் அடி வைத்ததில் அம்மியும் நகர்ந்தது. முதல்கட்டமாக, நிலத்தைச் சோதிக்க மட்டும் அரசு நிதி ஒதுக்கியது.

அன்று காலை அதிகாரி துளைபோடும் இயந்திரத்தோடு வந்து இறங்கினார். காலி மனையில் ஒரே ஒரு குழி போட்டு, ஒரு குப்பி மண் எடுத்துக்கொண்டார். பிறகு நேராக அக்கா வீட்டுக்கு வந்து, பின்பக்கத்தில் தோண்டிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எதற்கு என்றதற்கு, "ரெண்டு மண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கணும் மேடம்" என்றார்.

அக்காவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கெட்ட மண் எவ்வளவு கெட்டது என்று சொல்ல, பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல மண் வேண்டாமா? அதற்கு அரசாங்கம் தன் வீட்டைத் தேடி வந்திருக்கிறது. உச்சி குளிர்ந்துபோய், இடைஞ்சலாக நின்ற ரோஜாச் செடிகளைத் தானே பிடுங்கிப் போட்டார்.

சேதி தெருவைச் சுற்றிவரப் பத்து நிமிடம் ஆகவில்லை. நல்ல மண் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்தால் யாருக்குக் கசக்கும்? மூலை வீட்டுப் பல் டாக்டர் ஊஞ்சலைக் கழற்றி இடம் ஒதுக்கினார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், சார் சிரமப்படக் கூடாது என்று, போன மாதம் பதித்த டைல்ஸைத் தானே கடப்பாரையால் பெயர்த்து வைத்தார். தையல்காரர் வீட்டில் வெறும் தரையே இல்லை. அவர் மனைவி அடுப்பை நகர்த்தி, சமையலறையில் குழி போடச் சொன்னார். மாடியில் குடியிருந்த டீச்சர் பூந்தொட்டியோடு இறங்கி வந்து, வாடகைக்கு இருப்பவர்கள் என்றால் இளக்காரமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே வாசலில் அள்ளிய மண்தான் அது என்று தெரிந்ததும், அதிகாரி அதிலும் ஒரு கரண்டி எடுத்துச் சீட்டு ஒட்டினார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தெருவைப் பார்த்ததில்லை மேடம்" என்று அவர் நெகிழ்ந்து சொன்னார். "மத்த இடங்கள்ல எங்க மேல நாயை அவுத்து விடுவாங்க."

எல்லாம் நம் மக்களின் பொறுப்புணர்ச்சி என்றார் அக்கா, தலை நிமிர்ந்து.

சாயங்காலம் குப்பிகளை வண்டியில் ஏற்றும்போதுதான் அக்கா எண்ணிப் பார்த்தார். தெருவிலிருந்து நாற்பத்தொன்று. காலி மனையிலிருந்து ஒன்று. விஷம் இருக்கிற மூலையை விட்டுவிட்டு வேறெங்கோ தோண்டியிருந்தால்? நிலம் சுத்தம் என்று அதிகாரி எழுதிவிட்டுப் போய், நாளைக்குப் பிள்ளைகள் அந்த மண்ணில் விழுந்து புரண்டால்?

"சார், அவ்வளவு பெரிய மனைக்கு ஒரு குழி போதுமா?"

"தாராளமாப் போதும் மேடம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மண் ஒரு குப்பி இருந்தா சரி" என்ற அதிகாரி, ஒரு பழைய வரைபடத்தை விரித்து, சரியாக அக்காவின் வீட்டின் மேல் விரலை வைத்தார். "நீங்க மனுவுல எழுதின தொழிற்சாலை இருந்தது இந்தத் தெருவுலதானே?"