கம்பி வேலி

"கம்பி வேலி போட்டா அந்தப் பக்கம் எல்லாம் தெரியும். அந்த ராங்கிக்காரி மூஞ்சியில முழிக்கவா நான் கொல்லைப்பக்கம் போகணும்? மரவேலியே இருக்கட்டும்!"

மனைவி சீறியதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி வீடு. சொத்துப் பிரித்த அன்று அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. ஆனால் தம்பி பெண்டாட்டியை இவள் கரித்துக்கொட்டும் அளவுக்கு, அவருக்கே தம்பி மேல் கோபம் கிடையாது.

"மரத்தைக் கரையான் அரிச்சாச்சு. ஒரு காத்துக்குத் தாங்காது," என்றபடி சுத்தியலை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கினார்.

"நாளைக்கு ஆள் வந்து பார்க்கட்டுமே. நீங்க எதுக்கு?"

"எந்தப் பலகை தேறும்னு தட்டிப் பார்த்தாத்தானே தெரியும்?"

அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். மூலைப் பலகையருகே அவர் நின்றதும் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளிறியிருந்தது.

"இதைத் தட்டாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள், ரகசியம் போல.

"ஏன், பாம்பா இருக்கு?"

கையை உதறிவிட்டு, பலகையில் மூன்று தட்டு தட்டினார்.

பலகை கதவு மாதிரி ஒதுங்கியது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை, மூடி போட்ட பாத்திரத்தை நீட்டியது.

"இந்தாங்க அக்கா, ஆறிடப்போகுது," என்று கிசுகிசுத்தாள் தம்பி பெண்டாட்டி. "வேலி விஷயம் என்ன ஆச்சு? மாமா மசியலைன்னா, என்னை இன்னும் நாலு திட்டு சேர்த்துத் திட்டுங்க!"